எங்கள் ஊர் ஆடாத ஆட்டம்

டெல்பர்ட் ஆங்க்ரம் எங்கள் கடைக்கு வந்தால் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் முக்காலியில்தான் உட்காருவார். சாப்பாட்டுத் தட்டுகளை நான் வெளியே தள்ளும் சன்னல் அது. ஆகையால் மில் ஃபோர்க் ஊரில் அவர் முகத்தை அவர் மனைவிக்கு அடுத்தபடி அதிகம் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன். எங்களுக்குள் பேச்சு குறைவு. எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு இந்த அடுப்படிக்கு வந்ததிலிருந்து, வெளியே நின்று பேசுவதைவிட உள்ளே நின்று பார்ப்பதுதான் பழக்கமாகிவிட்டது.

அவர் சாலைத் துறையில் லாரி ஓட்டுபவர். பனிக்காலத்தில் உறைபனி உருக ரோட்டில் உப்புத் தூவுவார், கோடையில் குழி அடைப்பார். இலை உதிரும் காலத்து வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள். கறுப்பு வெள்ளை வரிச் சட்டை, கழுத்தில் விசில், ஏதாவது ஒரு ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். ஃபுட்பால் நடுவர். காலால் உதைத்து ஆடும் பந்து அல்ல இது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, அவனை மற்றவர்கள் பாய்ந்து சாய்க்கிற எங்கள் நாட்டு ஃபுட்பால். அதில் டெல்பர்ட்டின் இடம் ஓரக்கோடு. ஓடுகிறவன் கோட்டை மிதித்தானா என்று சொல்வது அவர் வேலை. மிதித்தால் விசில் ஊதி, ஒரு கையை உயர்த்தி, மிதித்த இடத்தில் தன் காலை ஊன்றி நின்றுவிடுவார். அவன் அதற்கப்பால் எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும் பந்து அந்தக் காலடிக்குத் திரும்பி வர வேண்டும்.

சொந்த ஊர்ப் பள்ளி ஆடும் ஆட்டத்தில் நடுவராக நிற்கக் கூடாது என்பது சட்டம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஊரே எங்கள் மைதானத்தில் இருக்கும்போது அவர் மட்டும் வேறெங்கோ இருப்பார். அவர் நல்ல நடுவரா மோசமான நடுவரா என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பார்த்தவர்களே இல்லை. மற்ற ஊர்களில் அவரைத் திட்டுகிறார்கள் என்று மட்டும் கேள்விப்படுவோம். எல்லா நடுவர்களையும் எல்லா ஊரிலும் திட்டத்தான் செய்கிறார்கள்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சீசன் முடிந்ததும் முன்னணிப் பள்ளிகள் மட்டும் மோதும் பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றில் நிற்க வேண்டும். சீசன் ஆட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் நடுவராகலாம். பிளே-ஆஃப்புக்கு அப்படி இல்லை. சீசன் முடியும்போது ஒவ்வொரு பள்ளி கோச்சும், தன் ஆட்டத்தில் நிற்காதவர்கள் உட்பட, நடுவர்களுக்கு மதிப்பெண் போடுவார். அதிகம் வாங்கியவர்களைத்தான் மாநிலச் சங்கம் பிளே-ஆஃப்புக்குக் கூப்பிடும். டெல்பர்ட்டைக் கூப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வாரத்தில் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அது அடிக்காது. அந்த வருஷம் டாக்டர் முழங்காலைப் பார்த்துவிட்டு, இந்த சீசனோடு போதும் என்று சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீசன் நடக்கும்போது அவர் யாரிடமும் ஒரு துண்டு கேக்கைக்கூட இலவசமாக வாங்கமாட்டார். கடைக்காரி லோர்னா பிறந்தநாள் கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தபோது, "சீசன் முடியட்டும் லோர்னா, அப்புறம் தின்னுக்கறேன்" என்று தட்டைத் தள்ளி வைத்தவர்.

"அது வரைக்கும் கேக் கெடாம இருக்குமா, ஏம்ப்பா?"

"கெட்டாலும் பரவால்ல."

இதையெல்லாம் சொல்வது அந்த வியாழக்கிழமைக்காக.

பிளே-ஆஃப்புக்கு எந்தப் பள்ளி எந்த இடத்தில் என்பதை முன்பெல்லாம் கோச்சுகள் ஏதோ ஓட்டல் அறையில் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்களாம். ஒருவருக்கொருவர் வேண்டியவர்களைத் தூக்கிவிடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேச்சு எழுந்தது. அதனால் கணக்கு வந்தது. ஜெயித்தால் புள்ளி. அது மட்டுமல்ல, நீ தோற்கடித்தவன் மற்றவர்களை ஜெயிக்கும் போதெல்லாம் உனக்கும் புள்ளி. பலமானவனை ஜெயித்தவனுக்கு அதிக மரியாதை கிடைக்கட்டும் என்ற எண்ணம். கணக்கு வந்ததும் சந்தேகம் ஒழிந்துவிடும் என்றார்கள். ஒழியவில்லை, இடம் மாறிக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாரிஷ் ஊர் கோச், மற்றவர்களை ஜெயிக்கக் கூடிய, ஆனால் தன்னிடம் தோற்கக் கூடிய பள்ளிகளாகத் தேடிப்பிடித்து ஆட்டம் ஏற்பாடு செய்கிறார் என்று எங்கள் கடையில் வருஷம் முழுவதும் பேசுவார்கள். எங்கள் கோச்சும் அதையேதான் செய்தார். அதற்கு எங்கள் கடையில் திறமை என்று பெயர்.

இந்தக் கணக்கால் ஒரு வேடிக்கையும் நடந்தது. எவனை அடித்து வீழ்த்தினோமோ அவன் ஜெயிக்க வேண்டும் என்று சீசன் முழுவதும் நாங்கள் ஆசைப்பட வேண்டியிருந்தது.

"நம்ம ஜெயிச்சா பத்தாதா? நம்மகிட்ட தோத்தவனுக்கும் நாமதான் ஜெபம் பண்ணணுமா?" என்பாள் லோர்னா.

"அவனுக்கில்ல லோர்னா, புள்ளிக்கு ஜெபம்" என்பார் ஹக் லான்ட்ஸ். எங்கள் மைதானத்தில் பந்து நகர்ந்த தூரத்தை அளக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிப்பவர் அவர். டெல்பர்ட்டோடு பள்ளியில் படித்தவர்.

அந்த வருஷம் கடைசி வாரத்தில் நிலைமை இப்படி வந்து நின்றது. நாலாவது இடத்துக்கு நாங்களும் பாரிஷும் போட்டி. நாலாவது வந்தவர் மைதானத்தில் ஐந்தாவது வந்தவர் போய் ஆட வேண்டும். அதாவது எப்படியானாலும் நாங்களும் பாரிஷும்தான் மோதப்போகிறோம். யார் ஊரில் என்பதுதான் கேள்வி. கண்ணாடித் தொழிற்சாலை மூடியதற்குப் பிறகு எங்கள் மைதானத்தில் ஒரு பிளே-ஆஃப் நடந்ததில்லை. வெள்ளிக்கிழமை நாங்களும் ஜெயிப்போம், பாரிஷும் ஜெயிக்கும். இரண்டு பேருக்கும் எதிரே நிற்பவர்கள் சொத்தைகள். ஆகவே முடிவு, சனிக்கிழமை மதியம் டெக்கர் ஊரில் நடக்கும் ஆட்டத்தில் இருந்தது. டெக்கர் மைதானத்தில் விளக்கு கிடையாது, அதனால் அவர்கள் எப்போதும் சனிக்கிழமை பகலில்தான் ஆடுவார்கள். டெக்கர் நாங்கள் தோற்கடித்த அணி. அவர்களுடன் ஆடவிருந்த கிளேபோர்ன், பாரிஷ் தோற்கடித்த அணி. டெக்கர் ஜெயித்தால் புள்ளி எங்களுக்கு. கிளேபோர்ன் ஜெயித்தால் பாரிஷுக்கு.

அந்த ஆட்டத்தில் ஓரக்கோட்டு நடுவர் டெல்பர்ட்.

சீசன் ஆரம்பத்திலேயே போட்ட ஏற்பாடு அது. அப்போது அது யாருக்கும் வேண்டாத இரண்டு ஊர்களின் ஆட்டம்.

வியாழக்கிழமை மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் எங்கள் கோச் ஸ்டோவல் வந்து டெல்பர்ட்டுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். காபி கேட்டார்.

"சனிக்கிழமை டெக்கர்ல நீங்கதானாமே, டெல்பர்ட்?"

"ஆமா கோச்."

"நல்லது. நல்ல கண்ணு இருக்கிற ஆளு வேணும் அங்க." சர்க்கரையை ரொம்ப நேரம் கலக்கினார். "மதிப்பெண் போட இன்னிக்குச் சாயங்காலம்தான் கடைசி. உங்களுக்கு முழுசாப் போட்டுட்டேன். சும்மா தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்."

டெல்பர்ட் தன் காபியைப் பார்த்தார்.

"முன்னாடி எல்லாம் ஏன் யாரும் போடலன்னுதான் எனக்குப் புரியல" என்று கோச் எழுந்தார். "லோர்னா, இவருக்கு ஒரு ஆப்பிள் கேக் வையி. என் பேர்ல."

கோச் போனதும் டெல்பர்ட் கைப்பேசியை எடுத்து மெர்லைக் கூப்பிட்டார். யார் எந்த ஆட்டத்தில் நடுவர் என்று பங்கு போடுபவர் மெர்ல். அவர் குரல் எப்போதும் போனைத் தாண்டிக் கேட்கும்.

"மெர்ல், சனிக்கிழமைக்கு வேற யாரையாச்சும் அனுப்பிடு. அது எங்க ஊரு ஆட்டம்."

"எது? டெக்கர், கிளேபோர்னா? உங்க ஊரு ஆடலையேப்பா!"

"ஆடல. ஆனா ஆடற மாதிரிதான். புள்ளி எங்களுக்கு வருது."

"அப்படிப் பாத்தா எல்லா ஆட்டமும் எல்லா ஊரு ஆட்டமும்தான். யாரை எங்க அனுப்பறது நான்? ஆளே இல்ல டெல்பர்ட். ரெண்டு பேருக்குக் காய்ச்சல். சட்டத்துல சொந்தப் பள்ளின்னுதான் போட்டிருக்கு. உன் பள்ளி ஆடலல்ல? போய் நில்லு."

போனை வைத்தார். பிறகு முள்கரண்டியை எடுத்தார். கோச் பெயரில் வந்த அந்தக் கேக்கை மெதுவாக, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே வெட்டி, முழுவதையும் தின்றார். தட்டு எனக்குத் துடைத்த மாதிரி திரும்பி வந்தது. நான் அதைக் கழுவாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

டெல்பர்ட்டின் மனைவி ஆர்லீனுக்குக் கண்ணில் புரை. வண்டி ஓட்ட முடியாது. சனிக்கிழமை அவளை டெக்கருக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே போனால் மில் ஃபோர்க்கே அங்கிருந்தது. எங்கள் பள்ளியின் சிவப்பு ஜாக்கெட் போட்டவர்கள் டெக்கர்காரர்களோடு கலந்து உட்கார்ந்து, தங்களுக்குப் பெயரே தெரியாத பையன்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். எதிர்ப்பக்கம் கிளேபோர்ன்காரர்களைவிடப் பாரிஷின் பச்சை ஜாக்கெட்டுகள் அதிகம். ஆடியவர்கள் இருபுறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை.

மைதானத்துக்குள் நடுவர்கள் நடந்து வந்தபோது எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"யோவ் டெல்பர்ட்! வீட்டை நெனச்சுக்கோ!" என்று ஹக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்ப்பக்கம் பச்சை ஜாக்கெட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதற்குப் பிறகு அவர்கள் அவரைத் தவிர வேறெதையும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஆர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு எங்க நிக்கறாரு, நெட்டி?"

"எதிர்ப் பக்கக் கோட்டுல."

"முட்டியைப் பிடிச்சுக்கறாரா?"

"இல்ல."

ஆட்டம் முழுவதும் இப்படி அவள் கேட்பாள், நான் சொல்வேன். அன்று நான் பேசியதுபோல் என் ஆயுசில் பேசியதில்லை.

கடைசிக் கட்டத்தில் டெக்கர் கொஞ்சம் பின்தங்கியிருந்தது. ஒரு தடவை மைதானத்தின் எதிர்முனை எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் ஜெயித்துவிடலாம். நேரம் அனேகமாக முடிந்துவிட்டது. அப்போது டெக்கரின் ஒல்லிப் பையன் ஒருவன் பந்தோடு கூட்டத்திலிருந்து வழுக்கி வெளியே வந்தான். டெல்பர்ட் நின்ற ஓரத்தை ஒட்டியே ஓட ஆரம்பித்தான். அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. எங்கள் பக்கம் அப்படியே எழுந்தது. நானும் எழுந்தேன்.

ஆனால் நான் பையனைப் பார்க்கவில்லை. டெல்பர்ட்டைப் பார்த்தேன். அவர் முழங்காலை இழுத்து இழுத்து அவனுக்குப் பின்னால் ஓடினார். மற்ற நடுவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பார்கள், எதிரே வருகிறவனைப் பார்ப்பார்கள். அவர் தலை குனிந்தபடியே இருந்தது. அந்தப் பையன் கிளம்பிய நொடியிலிருந்து அவனுடைய வெளிப்பக்கக் காலை விட்டு அவர் கண் நகரவே இல்லை. தவறி விழுந்த எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தது.

பையன் எல்லையைத் தாண்டிப் பந்தைத் தூக்கிப் போட்டான். எங்கள் பக்கம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"என்னாச்சு? என்னாச்சு நெட்டி?"

"விசில் ஊதிட்டார்" என்றேன். "கையைத் தூக்கிட்டார்."

எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஓரக்கோட்டில் காலை ஊன்றி நின்றிருந்தார் டெல்பர்ட்.

"அப்ப மிதிச்சிருக்கான்" என்றாள் ஆர்லீன். அவள் கையின் இறுக்கம் தளர்ந்தது.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து கோடு எங்கே, கால் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க முடியாது. ஆனால் சிவப்பு ஜாக்கெட் போட்டவர்கள் அத்தனை பேருக்கும் அவன் மிதிக்கவில்லை என்று தெரிந்திருந்தது.

பந்து திரும்ப வந்தது. மீதி நேரத்தில் அந்தக் கொஞ்ச தூரத்தை டெக்கரால் கடக்க முடியவில்லை. கிளேபோர்ன் ஜெயித்தது. பாரிஷ் நாலாவது, நாங்கள் ஐந்தாவது.

கடையில் அடுத்த நாள் யாரோ கைப்பேசியில் எடுத்த படம் கைமாறியது. கையால் இழுத்துப் பெரிதாக்கினால் அந்தப் பையன் காலடியில் ஒரு வெள்ளைப் புகை மாதிரி கிளம்புவது தெரிந்தது.

"சுண்ணாம்பு. கோட்டுச் சுண்ணாம்பு பறக்குது" என்றாள் லோர்னா.

"புழுதி" என்றார் ஹக். "காஞ்ச மண்ணு. டெக்கர்ல எங்க புல்லு இருக்கு?"

"சரி, அவருக்கு அப்படித் தெரிஞ்சுச்சு."

"அவனுக்கு அப்படித் தெரியணும்னு இருந்துச்சு. இல்லாட்டி நம்ம ஊருக்கு ஊதிட்டான்னு சொல்லுவாங்கல்ல? யோக்கியன்னு பேர் வாங்கறதுக்கு நம்ம மைதானத்தை வித்துட்டான்."

திங்கட்கிழமை அது இன்னும் மோசமானது. மாநிலச் சங்கம் டெல்பர்ட்டைக் கூப்பிட்டுவிட்டது. சனிக்கிழமை மதியம், மாநிலத்தின் மறு கோடியில், எங்களுக்கு ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு பள்ளிகள் மோதும் பிளே-ஆஃப். இத்தனை வருஷம் கூப்பிடாதவர்கள்.

"பாரிஷ் கோச் போட்ட மதிப்பெண்தான். வேற யாரு?" என்றார் ஹக். "கைமேல கூலி."

கோச் ஸ்டோவல் அப்போது அங்கேதான் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மிளகுத்தூளை எடுத்து முட்டைமேல் தூவினார், மறுபடி தூவினார். நான் சன்னல் வழியாக அவரையே பார்த்தேன். அவர் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடனே தெருப்பக்கச் சன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் டெல்பர்ட் கடைக்கு வரவில்லை. அவர் முக்காலியில் யாரும் உட்காரவுமில்லை. அதன்மேல் தங்கள் மேலங்கியைப் போட்டு வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் பையன்கள் பாரிஷுக்குப் போய்த் தோற்றார்கள். கடைசியில் பந்தை இவ்வளவு தூரம் நகர்த்தினால் ஆட்டம் எங்கள் கையில் என்ற நிலையில், சங்கிலி வைத்து அளந்தார்களாம். பந்தின் கூர்முனை நீளம் குறைந்ததாம். சங்கிலி பிடிக்கிறவர்கள் எப்போதும் அந்தந்த ஊர்க்காரர்கள்.

நான் அந்த ஆட்டத்துக்குப் போகவில்லை. மறுநாள் ஆர்லீனோடு மாநிலத்தின் மறு கோடிக்குப் போனேன். பெரிய மைதானம். மேளம், கொடி, ஊதுகுழல். டெல்பர்ட் புதிதாகத் தேய்த்த வரிச் சட்டையில் நடந்து வந்து தன் கோட்டில் நின்றார். இத்தனை வருஷம் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு காத்திருந்தது இதற்குத்தான். அன்று மதியம் முழுவதும் அவர் பக்கத்துக் கோட்டருகே யாரும் ஓடி வரவே இல்லை. எல்லாம் நடுவிலும் எதிர்ப்பக்கத்திலுமே நடந்தது. ஒரு சந்தேகத்துக்கு இடமான கால்கூட அவர் முன்னால் விழவில்லை. அவர் பந்தோடு முன்னே போனார், பின்னே வந்தார். ஆட்டம் முடிந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று வண்டியில் ஆர்லீன் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "புல்லு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

திங்கட்கிழமை காலை கடைக்கு வந்தார். முக்காலியில் கிடந்த மேலங்கியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோச் சுவரோர மேசையில் இருந்தார்.  ஹக்கால் அதிக நேரம் சும்மா இருக்க முடியாது.

"பாரிஷ்ல சங்கிலியைத் தள்ளிப் பிடிச்சுட்டானுங்க. தெரியுமா உனக்கு?"

"கேள்விப்பட்டேன்."

"இங்க நடந்திருந்தா நான் பிடிச்சிருப்பேன் அந்தச் சங்கிலியை."

"எப்படிப் பிடிச்சிருப்ப, ஹக்?"

ஹக் வாயைத் திறந்தார். யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். ஹக் காபியைக் குடித்தார். "நேராத்தான் பிடிச்சிருப்பேன்" என்றார், கொஞ்சம் தாமதமாக.

"பாரிஷ்காரனும் அதான் சொல்றான்."

அப்போதுதான் கோச் பேசினார். அந்த மெல்லிய குரலில், கோபமில்லாமல். "டெல்பர்ட், அவன் மிதிச்சான்னே வச்சுப்போம். நீங்க பாக்காம இருந்திருக்கலாமே. எத்தனையோ காலு எத்தனையோ தடவை மிதிக்குது. எல்லாத்தையுமா பாக்கறோம்?"

டெல்பர்ட் முக்காலியைத் திருப்பினார். "அதுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டீங்களா கோச்?"

கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. லோர்னா காபிக் கெண்டியைத் தூக்கியபடி நின்றாள். கோச்சின் கழுத்து சிவந்தது.

"போட்டேன்" என்றார். "திரும்ப எடுக்கத்தான் பாத்தேன். முடியல. வியாழக்கிழமையே மூடிட்டாங்க."

முதலில் சிரித்தது டெல்பர்ட்தான். அப்புறம் லோர்னா. கோச்சுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் சீக்கிரம் எழுந்து போய்விட்டார். ஹக் சிரிக்கவில்லை. பாரிஷ் கோச்சைப் பற்றி அவர் அன்றோடு பேச்சை நிறுத்தினார் என்று சொல்ல ஆசைதான். "அவனும் போட்டிருப்பான், இவரும் போட்டிருப்பார், ரெண்டு பக்கமும் வாங்கியிருக்கான்" என்று அடுத்த நாளே வேறு ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபின் டெல்பர்ட் தன் தட்டைத் தானே சன்னலுக்குக் கொண்டுவந்தார். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அன்னிக்கு அந்தக் கேக்கைத் தின்னுட்டீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். பேசும் என்று எதிர்பார்க்காத ஏதோ ஒன்று பேசியதுபோல.

"நல்லா இருந்துச்சு நெட்டி. வைக்க மனசு வரல." தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "தின்னுட்டு எந்திரிச்சதும்தான் பயம் வந்துச்சு" என்றார். "அவன் மிதிச்சான். அது பொய்யில்ல. ஆனா வேற ஆட்டமா இருந்திருந்தா, அந்தக் காலை அவ்வளவு நேரம் பாத்துக்கிட்டே ஓடியிருப்பேனான்னு கேட்டா எனக்குத் தெரியல. மிதிக்கணும்னே பாத்தேனோ என்னவோ."

தட்டை வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதை நம்பினேன் என்றுதான் நினைக்கிறேன். கேக்கைப் பற்றிச் சொன்னதை முழுசாக நம்பினேன். மற்றதை எடை போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

முழங்கால் விடவில்லை, அவர் அதன்பின் நடுவராக நிற்கவில்லை. அடுத்த வருஷம் இலை உதிரும் காலத்தில், விசில் மாட்டிய இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வெள்ளிக்கிழமை எங்கள் மைதானத்தில் டெல்பர்ட் பார்வையாளராக உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஆர்லீன், மறுபக்கம் நான், மடியில் சோளப்பொரி. கீழே ஹக் சங்கிலி முனையோடு நின்றார்.

எங்கள் பையன் ஒருவன் பந்தோடு எங்களுக்கு முன்னாலிருந்த ஓரக்கோட்டை ஒட்டியே ஓடி வந்தான். கோட்டு நடுவர் இளைஞன்; பின்தங்கிவிட்டான். விசில் ஊதவில்லை. பையன் எல்லையைத் தாண்டினான். நியாயமாகப் பார்த்தால் கூட்டம் அந்தப் பையனைப் பார்த்துக் கூச்சல் போட்டிருக்க வேண்டும். எங்களைச் சுற்றி இருந்த மூன்று நான்கு வரிசைக்காரர்கள் அவனைப் பார்க்கவில்லை. திரும்பி டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். கீழே சங்கிலி முனையோடு நின்ற ஹக்கும் பார்த்தார்.

"மிதிச்சானாய்யா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

டெல்பர்ட் சோளப்பொரியைக் கிளறினார்.

"நம்ம ஊரு ஆட்டம்ப்பா இது. நான் பாக்கக் கூடாது" என்றார்.

அவர்கள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். ஆனால் அவர் பார்த்தார். அந்தப் பையன் கிளம்பியதிலிருந்து எல்லை வரை அவர் கண் அந்த வெளிப்பக்கக் காலை விட்டு நகரவில்லை. எனக்குத் தெரியும், நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.